பெருநாள் தள்ளிப்போன வருஷத்துக் கல்யாணம்

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுக்கும், இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயில் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொள்கிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆறாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன வாரம் என் மருமகள் அடுப்படியில் நின்றபடியே அடுத்த வருஷத்து விடுமுறைகளைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். எது ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது, எதற்குத் திங்கட்கிழமை கொடுப்பார்கள், எங்கே ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்து வரும் என்று கணக்குப் பார்த்தாள். லங்காவி போக வேண்டுமாம். "ஹரி ராயாவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டிருக்கான் அத்தை. மாறினாலும் மாறுமாம்," என்றாள். நான் குழம்பைக் கிண்டுவதை விட்டுவிட்டு அந்தச் சின்ன நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மருமகள் என்ன நினைத்தாளோ, போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

உங்களுக்கு அந்த நாள்காட்டி நினைவிருக்கும். சீனர் மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்குச் சும்மா கொடுப்பார்கள். தினம் ஒரு தாளாகக் கிழிக்கிறது. மெல்லிய தாள், நாலு மொழி எழுத்து, நடுவில் பெரிதாகத் தேதி. விடுமுறை என்றால் தேதி சிவப்பு. கிழித்த தாளில் அம்மா தாளிக்கிற கடுகை மடித்து வைப்பாள், நான் படகு செய்வேன். அந்த வருஷங்களில் நாள்காட்டியே ஒரு நிலையில் இல்லை. சுதந்திரம் வந்துகொண்டிருந்த நேரம். வெள்ளைக்கார ராணியின் பிறந்தநாள் சிவப்பாக இருந்தது, பிறகு கறுப்பானது. நம் நாட்டுப் பேரரசர் பிறந்தநாள் புதிதாகச் சிவந்தது. ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாளை அதற்கு முன்னால் யார் திரும்பிப் பார்த்தார்கள்? அதுவும் சிவந்தது. தாளை அச்சடிக்கிறவனுக்கே தலை சுற்றியிருக்கும்.

நான் சொல்ல வந்த கல்யாணம் அந்த வருஷங்களில் ஒன்றில் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்டால் அக்கா ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். சித்திரை மாதம் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. அப்பா ரப்பர் ஆலையில் புகைக்கூண்டு வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் உடம்பில் புகைந்த ரப்பர் வாசம் போகாது. அந்த வாசத்தோடுதான் திருநீறு பூசுவார். வலப்பக்கம் மலாய்க்காரக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் பாக்சிக் என்போம், அவர் மனைவியை மக்சிக். பாக்சிக் தச்சுவேலை செய்கிறவர். எதிர்வீட்டில் செட்டி அம்மா. மலாக்காச் செட்டிமாரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம், தமிழ் பேச மாட்டார், மலாய்தான். மலாய்ப் பெண்கள் மாதிரி கெபாயாதான் உடுப்பார். ஆனால் கோயிலில் தீபாராதனை என்றால் எங்களுக்கு முன்னால் போய் நிற்பவர் அவர்தான்.

அக்காவுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். அவளுக்கு அதற்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை பேசி, நிச்சயமும் ஆகியிருந்தது. அந்த ஆள் தன் தாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர், அங்கேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கப்பல் என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. அம்மா வெள்ளிதோறும் பிள்ளையாருக்கு நெய் விளக்குப் போட்டாள். தெருப் பெண்கள் அக்காவைப் பார்க்கும்போது குரலைத் தாழ்த்துவார்கள். தாழ்த்திப் பேசுவதுதான் அதிகம் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிள்ளையார் கண் திறந்தார். டுரியான் துங்காலுக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பால் கொட்டாயில் ரப்பர் பால் நிறுக்கிற வேலை. நல்ல மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருடைய அப்பாதான், எங்கள் சம்பந்தி, மீசையும் அதிகாரமுமாக இருந்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எனக்கு நகை நட்டு வேணாம் சம்பந்தி. என் லயத்து வரிசைவீட்டு ஜனம் பூரா வந்து நிக்கணும். எஸ்டேட்டு லோரியில ஏத்திக்கிட்டு வருவேன். லீவு நாளுன்னாத்தான் துரை லோரி விடுவான். லீவு நாளாப் பாத்து வைங்க."

அப்பா அன்றைக்கே நாள்காட்டியைக் கழற்றிப் பாயில் வைத்து ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தார். சித்திரையில் ஒரு சிவப்பு. புதன்கிழமை. நோன்புப் பெருநாள், ஹரி ராயா. குருக்களிடம் ஓடினார். குருக்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, வளர்பிறை, புதன், நல்ல முகூர்த்தம் என்றார். அப்பாவுக்கு ஆனந்தம். மலாய்க்காரர் பண்டிகையும் நம் முகூர்த்தமும் ஒரே நாளில் கூடி வருகிறதே, இது அவன் செயல் இல்லாமல் வேறென்ன என்று எல்லாரிடமும் சொன்னார். அச்சடித்த பத்திரிகைக்கு எங்களுக்கு வசதி இல்லை. தட்டு மாற்றும்போதும் சரி, வெற்றிலை பாக்கு வைத்து ஊரை அழைக்கும்போதும் சரி, அப்பா சொன்னது ஒன்றுதான்: "ராயா அன்னைக்குக் கல்யாணம். காலையில ஒன்பதுக்கு மேல. துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில்ல. வந்துடணும்." மறக்க முடியாத நாள் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்த நோன்பு மாதம் முழுக்க எங்கள் வீட்டிலும் கல்யாண வேலை. பொழுது சாயும் நேரத்தில் மக்சிக் வேலிக்கு மேல் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டுவார். எங்கள் பக்கத்திலிருந்து வெறும் கிண்ணம் திரும்பிப் போகாது, வடையோ பணியாரமோ போகும். மாதக் கடைசியில் அவர்கள் வாசலில் சின்னச் சின்ன எண்ணெய் விளக்குகள் ஏற்றினார்கள். பால் டின்னில் திரி போட்டது. எங்கள் வாசலில் பந்தல். இரண்டும் சேர்ந்து அந்தச் சந்து முழுக்க ஒரே வீட்டு விசேஷம் போல இருந்தது. பாக்சிக் நோன்பு வயிற்றோடு எங்களுக்கு மணவறைச் சட்டம் அடித்துக் கொடுத்தார். வாயில் ஆணியைக் கவ்விக்கொள்ளக்கூட மாட்டார், நோன்பு என்று. நான்தான் ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் சுத்தியலை நிறுத்திவிட்டு அவர் அப்பாவிடம் கேட்டார். மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்; அபாங் என்றால் அண்ணன்.

"தம்பி, புதன்கிழமைதான் ராயான்னு உனக்கு யாரு சொன்னது?"

"நாள்காட்டியில போட்டிருக்கே அபாங். சிவப்பா."

"நாள்காட்டியில போடுவான். பிறை தெரியணுமே."

"கவர்மெண்டு அச்சடிச்சது அபாங். அவனுக்குத் தெரியாமயா போடுவான்?"

பாக்சிக் சிரித்துவிட்டு மறுபடியும் சுத்தியலை எடுத்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் வற்புறுத்துகிற மனிதர் இல்லை அவர். தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரமும், தாளின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்ததாகச் சித்தப்பா பின்னால் சொன்னார். அப்பாவுக்கு எண் தெரியும், நிறம் தெரியும். ஆங்கிலம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாலை வந்தது. அது அவர்களுடைய இருபத்தொன்பதாம் நோன்பு. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு பிடித்து, அதற்கு மறுநாள்தான் பெருநாள். இது எனக்குக்கூடப் பாக்சிக் வீட்டுப் பிள்ளைகள் சொல்லித் தெரியும். அப்பாவுக்கு அன்று மத்தியானம்தான் உறைத்தது. ஆலையில் கூட வேலை செய்கிற மலாய்க்காரர் ஒருவர், "நாளைக்கா, நாளன்னைக்கா, பாக்கலாம்," என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அப்பா முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தார்.

பெரிய அதிகாரிகள் பிறை பார்க்கும் இடம் வேறு. எங்கள் பக்கத்து ஜனங்கள் உஜோங் பாசிர் கடற்கரைக்குப் போய்த் தங்கள் கண்ணுக்காகப் பார்ப்பார்கள். பாக்சிக் கிளம்பும்போது அப்பாவும் கிளம்பினார். நான் அப்பாவின் சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டேன். கரையில் நல்ல கூட்டம். ஆண்கள், பிள்ளைகள், தோளில் சிறுசுகள். கடலுக்கு மேல் மேகம் ஈரக் கம்பளி போலக் கிடந்தது. சூரியன் அதற்குள் போய் உருகிவிட்டது. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். அவ்வளவு பேர் சேர்ந்து சத்தமில்லாமல் வானத்தைப் பார்ப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நம் ஆட்கள் மூன்றாம் பிறை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வது எனக்குத் தெரியும். ஆனால் அது தெரியாவிட்டால் ஒரு நாடே காத்திருக்கும் என்பது தெரியாது. நம் சிவன் தலையில் இருக்கிறதுதானே, கேட்டால் கொடுக்க மாட்டாரா என்று நினைத்துக்கொண்டு நான் கண்ணை மூடி வேண்டினேன்.

திடீரென்று அப்பா கையை நீட்டினார்.

"அதோ! அபாங், அதோ பாருங்க!"

கூட்டம் முழுக்கத் திரும்பியது. பாக்சிக் அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்று, தோளோடு முகத்தை வைத்து, அப்பாவின் விரல் போன வழியே பார்த்தார். யாரோ ஒரு கிழவர் "எங்கே, எங்கே?" என்று முன்னால் வந்தார். நல்லபடியாகப் பார்த்தவர்கள் அவர்கள் மத நீதிபதியான காதியிடம் போய்ச் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும். அப்பாவின் சொல் அதற்குச் செல்லாது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அவர் காட்டிய இடத்தில் எத்தனை கண்கள் தேடின!

"கொம்பு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு தம்பி?" என்று பாக்சிக் மெதுவாகக் கேட்டார்.

அப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது. நான் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது என்னவென்று அன்று எனக்குப் புரியவில்லை. லோரி நிறைய ஜனம் வராமல் போனால் அவமானம் என்று கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். இப்போது எனக்கும் பெண் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து முடிந்த பிறகு தெரிகிறது. ஒருமுறை கை நழுவிப் போனதைப் பார்த்த தகப்பனுக்கு, சின்னதாக எது மாறினாலும் எல்லாமே போய்விடும் போலிருக்கும்.

அப்பா கையைக் கீழே போட்டார்.

"இல்ல அபாங். மேகத்தோட ஓரம். வெளிச்சம் பட்டு அப்படித் தெரிஞ்சுது. பிறை இல்ல."

பாக்சிக் அவர் தோளை ஒருமுறை அழுத்தினார். "பெலும்," என்றார். இன்னும் இல்லை என்று அர்த்தம்.

திரும்பி வரும் வழியில் காப்பிக் கடை ரேடியோவிலும் அதையே சொல்லிவிட்டார்கள். பெருநாள் வியாழக்கிழமை. பாக்சிக் வீட்டுப் பிள்ளைகள் புதுத்துணியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவை, கழற்றிக்கொண்டிருந்தன. சித்தப்பா எங்கள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பிறையும் துரை மாதிரிதான் அண்ணே. நாம லீவு கேட்டா அன்னைக்குத்தான் ஆபீசுல இருக்காது," என்றார். அப்பா சிரிக்கவில்லை.

"லோரி வராது. சரி, போகட்டும். மாப்பிள்ளையும் சம்பந்தியும் முதல் பஸ்ஸுல வந்துடுவாங்க. முகூர்த்தம்னா முகூர்த்தம்தானே. அது யாருக்காகவும் நகராது."

எஸ்டேட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு அது புதன்கிழமைக் கல்யாணம். அவர் மனசில் அது வேறெதாகவும் இருந்ததே இல்லை.

புதன்கிழமை காலை அக்காவை ஜோடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். அவள் கையில் மஞ்சள் துணியில் காப்புக் கட்டியிருந்தது. துக்காங் எமாஸ் தெரு வேலை நாள் மாதிரியே இருந்தது. தங்கவேலைக்காரர்கள் கடை திறந்துகொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்து மசூதியில் ஒருவர் மறுநாள் தொழுகைக்காகத் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி எங்கள் வாசல் பேச்சைக் கேட்டு, எங்கள் பக்கத்து ஆட்களில் லீவு எடுக்க முடிந்தவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். நாதஸ்வரக்காரர் ஊதினார், நிறுத்தினார், மறுபடி ஊதினார். முதல் பஸ் வந்தது. இரண்டாவது பஸ் வந்தது. ஒன்பது ஆயிற்று.

சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. சமையல்காரர் வந்து, "இலை போடவா அண்ணே?" என்று இரண்டு முறை கேட்டார். அப்பா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். குருக்கள் ஹோமத்துக்கு அடுக்கிய சுள்ளிகளை மறுபடியும் மறுபடியும் நேராக்கினார். எனக்குப் பின்னால் ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, "மொதல் ஆளு கப்பல்ல போனான். இவனுக்குக் கப்பல்கூட வேணாம் போலிருக்கு," என்றாள். அக்காவுக்குக் கேட்டது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை. எதிர்வீட்டுச் செட்டி அம்மா எழுந்து வந்து, அந்தப் பெண்ணுக்கும் அக்காவுக்கும் நடுவில் தன் அகலமான உடம்போடு உட்கார்ந்துகொண்டார்.

முகூர்த்த நேரம் போனது. உச்சி வேளைக்குச் சித்தப்பா வந்தார். சட்டை முழுக்க வியர்வை. உள்ளே நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். அம்மா அவரை அடிக்கவே போனாள்.

"என்னடா சிரிப்பு? மாப்பிள்ளை எங்கடா?"

"பால் நிறுத்துக்கிட்டு இருக்காரு அண்ணி!"

"என்னது?"

"ஆமாங்கிறேன். நான் போயி, 'யோவ், அங்க பொண்ணு மணையில உக்காந்திருக்கு, நீ இங்க தராசு புடிச்சிக்கிட்டு நிக்கிறியா'ன்னேன். அப்படியே முழிக்கிறாரு. அவங்கப்பா ஓடி வந்தாரு. 'என்ன மச்சான் சொல்றீங்க, கல்யாணம் நாளைக்குத்தானே, ராயாவே நாளைக்குத்தானே'ங்கிறாரு!"

குருக்கள் கையிலிருந்த சுள்ளியைக் கீழே வைத்தார்.

"நேத்து ராத்திரி ரேடியோவுல கேட்டுட்டு லயம் பூரா சொல்லிட்டாராம், கல்யாணம் ஒரு நாள் தள்ளிப்போச்சுன்னு. துரை லோரியையும் நாளைக்கு மாத்திக் குடுத்துட்டானாம். மாப்பிள்ளை இருந்த கோலத்துலயே, கைலியோட, என் சைக்கிள் பின்னாடி ஏறி உக்காந்துட்டாரு, இப்பவே போலாம்னு. அவங்கப்பாதான் இழுத்துப் புடிச்சு, 'முகூர்த்தம் முடிஞ்சுது, இனி போயி என்னடா பண்ணுவ'ன்னு இறக்கினாரு. அந்த ஆளு மீசையெல்லாம் ஆடுது அண்ணே. அழுவாத குறை."

அப்பா தூணோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் புதன்கிழமைன்னுதானே சொன்னேன்?"

"எங்கிட்டத்தான் புதன்கிழமைன்னீங்க," என்றார் குருக்கள். "அவருகிட்ட ராயான்னுதான் சொன்னீங்க. தட்டு மாத்தும்போது நான் பக்கத்துலதானே இருந்தேன்."

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாசலில் பாக்சிக் நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வந்திருப்பார். அம்மா அவரைப் பார்த்ததும் வெடித்தாள். "உங்க பிறைக்கு என் பொண்ணுதான் கெடைச்சாளா?" என்று தமிழில் கத்தினாள். பாக்சிக்குக்கு வார்த்தை புரியவில்லை. குரல் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சட்டம் அடித்துக் கொடுத்த மனிதரை இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. அம்மாவுக்கு அன்று யாரையாவது பேச வேண்டியிருந்தது, கடவுளைப் பேச அவளால் முடியாது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

மக்சிக்தான் வேலியைச் சுற்றி வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். என்ன நடந்தது என்று சித்தப்பா மலாயில் சொல்லச் சொல்ல, தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்:

"ஆச்சி, என் வீட்டுலயும் நேத்தே எல்லாம் முடிஞ்சுது. ரெண்டாங் கறி சுண்டி இறக்கிட்டேன், கெத்துப்பாட் அவிச்சுத் தொங்க விட்டுட்டேன். பிறை இல்லைன்னாங்க. மடிச்சு வச்சோம். இன்னைக்கும் நோன்பு. அதனால பெருநாள் கெட்டுப்போச்சா? நாளைக்கு வருது."

"உங்களுக்கு அது பழக்கம். எங்களுக்கு அப்படி இல்ல. முகூர்த்தம் தப்பின கல்யாணம்னு காலம் பூரா சொல்லுவாங்க. நான் மாட்டேன். இந்தச் சம்பந்தமே வேணாம்."

அப்பா அம்மாவை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் அதே பயம் என்று நினைக்கிறேன். சித்தப்பாவின் சிரிப்பும் அடங்கிவிட்டது. எனக்கு அப்போதுதான் நிஜமாகவே கல்யாணம் நின்றுவிடும் என்று தோன்றியது.

அறைக்குள்ளிருந்து அக்கா வந்தாள். மாலையைக் கழற்றியிருந்தாள். கையில் காப்பு அப்படியே இருந்தது.

"அம்மா, அன்னைக்கு அந்த ஆளு வரல. இவரு நாளைக்கு வர்றாரு. ரெண்டையும் ஒண்ணாக்காத."

"ஊரு என்ன சொல்லும்டி?"

"ஊரு என்ன சொல்லும்னு காலையில கேட்டாச்சு. நான் காப்பக் கழட்ட மாட்டேன். நாளைக்கு லோரி வரும்போது மணையில பொண்ணு இல்லைன்னா அப்பத்தான் அசிங்கம். அப்பா, குருக்கள்கிட்ட நாளைக்கு நேரம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க."

அப்படி அவள் அப்பாவுக்கு வேலை சொன்னதே இல்லை. அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகிற வழியில் பாக்சிக் பக்கத்தில் நின்று, "அவ பேசினதை மனசுல வச்சுக்காதீங்க அபாங்," என்றார். பாக்சிக், "சைக்கிள்ல காத்து இருக்கா பாரு," என்றார். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

குருக்கள் நாளைக்கு நேரம் இருக்கிறது என்றாராம். நாள் நடுத்தரம்தான், கெட்டது இல்லை, பிள்ளையார் சந்நிதியில் கட்டுகிற தாலிக்கு நடுத்தரம் போதும் என்றாராம். அப்பா அதை வந்து அக்காவிடம்தான் சொன்னார். ஒரு நாளைத் தள்ளி வைப்பது தெய்வக் குற்றம் என்று நம்பி வளர்ந்த மனிதர். தன் பெண்ணுக்காக நடுத்தர நாளை வாங்கிக்கொண்டு வந்தார். நான் அவருடைய பக்தியை நினைக்கும்போதெல்லாம் காவடி எடுத்ததை நினைப்பதில்லை. அந்த மத்தியானம் சைக்கிளில் திரும்பி வந்த முகத்தைத்தான் நினைக்கிறேன்.

சமைத்தது அண்டா அண்டாவாகக் கிடந்தது. மக்சிக்தான் வழி சொன்னார். பொழுது சாய்ந்ததும் சந்தில் பாய் விரித்தார்கள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், அதற்குப் பிறகு எங்கள் கல்யாணச் சாப்பாடு. அந்த வருஷத்துக் கடைசி நோன்பை எங்கள் சந்து அவியலும் வடையும் பாயசமுமாகத் திறந்தது. பாக்சிக் பாயசத்தை இலையில் வாங்கி, ஓடாமல் விரலால் வளைத்துச் சாப்பிடத் தெரியாமல் திண்டாடினார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவள், உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டாம் தடவையும் அவளே ஊற்றினாள். மறுநாளைக்கு அரிசி போதாது என்று அம்மா முணுமுணுத்தது எப்படிக் கேட்டதோ, மக்சிக் தன் வீட்டில் தொங்கிய கெத்துப்பாட்டில் பாதியை இறக்கிக் கொடுத்தார். தென்னங்குருத்தில் பின்னிய கூட்டுக்குள் வெந்த சோறு. மறுநாள் எஸ்டேட்டு ஜனங்கள் அதைச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, இது எந்த ஊர் இட்லி என்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை காலை நாதஸ்வரக்காரர்களுக்கு வேறு ஊரில் கல்யாணம். தவில்காரர் மட்டும் மனசு கேட்காமல் எங்களுக்கு வந்தார். தவில் மட்டும் தனியாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. நெஞ்சுக்குள் யாரோ ஓடுகிற மாதிரி இருக்கும்.

லோரியும் வந்தது. ஆனால் தெருவுக்குள் வர முடியவில்லை. பெருநாள் தொழுகைக்கு மசூதி நிறைந்து, தெருவிலும் பாய் விரித்து வரிசை வரிசையாக ஆண்கள். தெருமுனையில் லோரி நின்றது. பின்னால் நிற்கிற ஜனங்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போக, சம்பந்தியே அந்தக் கையைத் தட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தச் சொன்னாராம். மாப்பிள்ளை இறங்கி, பட்டு வேட்டியும் தலைப்பாகையும் மாலையுமாக, அந்தக் கடைசி வரிசைக்குப் பின்னால் கை கட்டி நின்றார். நாங்கள் கோயில் வாசலிலிருந்து பார்க்கிறோம். கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். குருக்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். அம்மா பிள்ளையாரைப் பார்க்கிறாள். இன்றைக்குமா என்று அவள் உதடு அசைந்தது.

தொழுகை முடிந்தது. எல்லாரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஒரு முதியவர் திரும்பியவர், மாலையோடு நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒரு கணம் திகைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். மாப்பிள்ளையும் நீட்டினார். பக்கத்தில் இருந்தவரும் கொடுத்தார், அடுத்தவரும் கொடுத்தார். கூட்டம் வழி விட்டது, வழி விட்ட ஒவ்வொருவரும் கை கொடுத்தார்கள். மறுக்கத் தெரியாத மனிதர், அத்தனை பேர் கையையும் வாங்கிக்கொண்டு வந்தார். பின்னால் சம்பந்தி, மீசையும் சிரிப்புமாக. சோங்கோக்குத் தொப்பி போட்ட பாக்சிக் எங்கிருந்தோ வந்து, மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்து, "நேரம் ஆச்சு, நேரம் ஆச்சு, விடுங்க," என்று கோயில் படிவரை கொண்டுவந்து விட்டார்.

தாலி ஏறியது. சம்பந்தி கேட்டபடி லயத்து ஜனம் பூரா நின்று பார்த்தது.

அத்தான் போய்ப் பல வருஷம் ஆகிறது. முந்தாநாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகள் போனில் பார்த்த அந்த நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அக்கா வெகுநேரம் சிரித்தாள். பிறகு இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"நான் தலை குனிஞ்சு உக்காந்திருந்தேன். அவரு மூஞ்சியே தெரியல. நேத்து மாதிரி இன்னைக்கும் ஏதாச்சும் ஆயிடுமோன்னு உள்ளுக்குள்ள நடுங்குது. அப்பத்தான் கழுத்துக்கிட்ட கை வந்துச்சு. அத்தனை பேருகிட்ட கை வாங்கிக்கிட்டு வந்த கையில்லையா, ஒரே அத்தர் வாசம். அந்த வாசம் பட்டதும், சரி, இவரு அவ்வளவு பேரையும் தாண்டி எங்கிட்ட வந்துட்டாருன்னு தெரிஞ்சுது. நடுக்கம் நின்னுடுச்சு."